குழந்தைக்கு முயற்சி செய்யும்போது காபியை என்ன செய்வது? நான்கு வழிகள், ஒரு ஒப்பீடு

"காபியை விட்டுட்டா தங்கிடுமா?"

இந்த ஒரு வருடத்தில் மட்டும் நான்கு பேர் என்னிடம் இதைக் கேட்டுவிட்டார்கள். அதில் ஒருத்தி என் சித்தப்பா மகள். கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகிறது, போகிற இடமெல்லாம் "விசேஷம் ஏதும் உண்டா" என்று கேட்டே அவளை நோகடித்துவிட்டார்கள். மாமியார் காபி சூடு, வேண்டாம் என்கிறார். டாக்டர் ஒன்றிரண்டு பரவாயில்லை என்கிறார். போனில் யாரோ ஒருவர் ஒரு சொட்டுகூடக் கூடாது என்கிறார். அவள் காலையில் டம்ளரைக் கையில் எடுக்கும்போதே ஏதோ தப்பு செய்வது போலத்தான் எடுக்கிறாள்.

அவளுக்குப் போனில் சொன்னதையே இங்கே விரித்து எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. மூன்று வருடம் இதே பாதையில் நடந்திருக்கிறேன், ஏழாவது வாரத்தில் ஒரு கருவை இழந்திருக்கிறேன், அதற்குப் பிறகு தூக்கம் வராத இரவுகளில் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். உங்கள் உடம்பைப் பொறுத்தவரை உங்கள் டாக்டர் சொல்வதுதான் முடிவு, ஆனால் அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால் ஐந்து நிமிட நேரத்தில் நிறையத் தெளிவு கிடைக்கும்.

உங்கள் முன்னால் இருப்பவை நான்கு வழிகள்: அதே பில்டர் காபியை அளவோடு குடிப்பது, டீக்கு மாறுவது, காஃபின் (காபி, டீயில் இருந்து நமக்குச் சுறுசுறுப்பு தரும் பொருள்) நீக்கிய டிகாஃப் காபிக்கு மாறுவது, எல்லாவற்றையும் அடியோடு நிறுத்துவது.

## எதை வைத்து எடைபோடுவது?

நான் ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன். கரு தங்குவதைக் காஃபின் தாமதப்படுத்துமா என்பது ஒன்று. தங்கிய கரு நிலைப்பதை அது பாதிக்குமா என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள், ஆனால் பதில் ஒன்றல்ல. அடுத்து, நீங்கள் விழுங்கும் மாத்திரைகளோடும் சாப்பாட்டில் கிடைக்கும் இரும்புச் சத்தோடும் அந்தப் பானம் எப்படி ஒத்துப்போகிறது. அப்புறம், அதோடு சேர்ந்து உள்ளே போகும் சர்க்கரை. கடைசியாக, இந்த வழியை ஒரு வருடம் ஆனாலும் உங்களால் விடாமல் தொடர முடியுமா, தொடரும்போது மனசு என்ன பாடு படும் என்பது.

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். இந்தப் பயம் பெரிதாகக் கிளம்பியது 1988இல். அமெரிக்காவில் 104 பெண்களைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஒரு நாளைக்கு ஒரு கப் காபிக்கு மேல் காஃபின் எடுத்தவர்களுக்கு ஒவ்வொரு மாதமும் கரு தங்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பாதிதான் என்றது அது. படித்தால் யாருக்கும் வயிறு கலங்கும். ஆனால் அதற்குப் பிறகு டென்மார்க்கிலும் வட அமெரிக்காவிலும் குழந்தைக்கு முயற்சி செய்த ஆயிரக்கணக்கான பெண்களை மாதாமாதம் பின்தொடர்ந்து பார்த்தபோது, மிதமான காஃபினுக்கும் கரு தங்கத் தாமதமாவதற்கும் சொல்லும்படியான தொடர்பு தெரியவில்லை. அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் நிலைப்பாடும் இதுதான்: ஒன்றிரண்டு கப்பால் கருத்தரிப்புக்குப் பாதிப்பு தெரியவில்லை, 500 மில்லிகிராமைத் தாண்டினால், அதாவது ஐந்து கப்புக்கு மேல் போனால், வாய்ப்பு குறைகிறது.

இரண்டாவது கேள்விதான் கஷ்டமானது. 2008 தொடக்கத்தில் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இரண்டு ஆய்வுகள் வந்தன. கலிஃபோர்னியாவில் 1,063 பெண்களைப் பார்த்த ஆய்வு, ஒரு நாளைக்கு 200 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடுத்தவர்களுக்குக் கரு கலையும் அபாயம் இரட்டிப்பு என்றது. இன்னொன்று அப்படி ஒரு தொடர்பே தெரியவில்லை என்றது. ஏன் இவ்வளவு முரண் என்றால், இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. கரு நன்றாக ஊன்றி வளரும்போது பல பெண்களுக்கு மசக்கை கடுமையாக இருக்கும், காபி வாசனை வந்தாலே குமட்டும், தானாகவே குறைத்துவிடுவார்கள். சரியாக வளராத கரு என்றால் மசக்கை குறைவாக இருக்கலாம், அவர் காபியைத் தொடர்ந்து குடிப்பார். கடைசியில் கணக்கெடுத்தால் காபி குடித்தவர்களுக்குக் கரு கலைந்தது போலத் தெரியும். உண்மையில் எது முன்னால், எது பின்னால் என்று பிரிப்பது சுலபம் இல்லை.

அதனால்தான் பெரிய அமைப்புகள் எல்லாம் ஒரு எல்லைக் கோட்டைப் போட்டு வைத்திருக்கின்றன. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் கல்லூரி 2010இலும், ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இலும் கர்ப்ப காலத்துக்குச் சொன்ன அளவு 200 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனம் 2016இல், 300க்கு மேல் எடுக்கும் கர்ப்பிணிகள் குறைக்க வேண்டும் என்றது. 2020இல் ஒரு ஆய்வுக் கட்டுரை பாதுகாப்பான அளவு என்று ஒன்றே கிடையாது என்று வாதிட்டது, அது மிகையான முடிவு என்று மருத்துவர்கள் பலர் மறுத்தார்கள். எல்லாவற்றையும் படித்த பிறகு நான் 200ஐப் பிடித்துக்கொள்கிறேன்.

கர்ப்பத்துக்குச் சொன்ன அளவை அதற்கு முன்பே ஏன் பிடிக்க வேண்டும்? நாள் தள்ளிப்போய் உங்களுக்குத் தெரியும்போது கரு உருவாகி இரண்டு வாரம் ஆகியிருக்கும். அந்த இரண்டு வாரமும் நீங்கள் அறியாமல் கர்ப்பமாகத்தான் இருந்திருப்பீர்கள். தெரிந்த பிறகு திடீரென்று குறைப்பதைவிட, முயற்சி தொடங்கும்போதே அந்த அளவுக்கு வந்துவிடுவது நிம்மதி.

## ஒரே பார்வையில்

| | அளவோடு பில்டர் காபி | டீ | டிகாஃப் | அடியோடு நிறுத்துவது |
|---|---|---|---|---|
| காஃபின் | பொடியை அளந்தால் 200க்குள் நிற்கும் | கப்புக்கு 30–65 மி.கி.; எண்ணிக்கை ஏறினால் காபியைத் தாண்டும் | கப்புக்கு 2–15 மி.கி. | இல்லை |
| இரும்புச் சத்து | தடுக்கும் | காபியைவிட அதிகம் தடுக்கும் | தடுக்கும் | பானத்தைப் பொறுத்தது |
| தைராய்டு மாத்திரை | இடைவெளி கட்டாயம் | இடைவெளி கட்டாயம் | இடைவெளி கட்டாயம் | பாலுக்கும் இடைவெளி வேண்டும் |
| மறைந்திருக்கும் செலவு | வெளிக் காபியின் அளவு தெரியாது | சர்க்கரை, பிஸ்கட் | விலை, சுவை | தலைவலி, சோர்வு, மனச்சுமை |
| ஒரு வருடம் தொடர முடியுமா | முடியும் | முடியும் | பிடித்துப்போனால் முடியும் | பலருக்குக் கஷ்டம் |

## வழி 1: அதே பில்டர் காபி, அளவோடு

எனக்கு இதுதான் பிடித்த வழி, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

"இரண்டு கப் பரவாயில்லை" என்று சொல்கிறார்கள், எந்தக் கப் என்று சொல்வதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரும் ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 150 மில்லி வடித்த காபியில் 80 முதல் 120 மில்லிகிராம், இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65, டீயில் 30 முதல் 65 என்று இருக்கிறது. ஆனால் நம் வீட்டு டம்ளரில் இருப்பது 150 மில்லி காபி கிடையாது. கொஞ்சம் டிகாக்ஷன், மீதியெல்லாம் பால். அந்த டிகாக்ஷன் எவ்வளவு கெட்டி என்பது வீட்டுக்கு வீடு மாறும். என் அம்மா போடும் டிகாக்ஷனும் நான் போடுவதும் ஒரே பொடியில்கூட ஒன்றாக இருக்காது.

அதனால் கப்பை எண்ணாதீர்கள், பொடியைக் கணக்குப் பார்க்கலாம். வீட்டில் மாதத்துக்கு எவ்வளவு பொடி வாங்குகிறீர்கள் என்பது உங்களுக்கே தெரியும், இல்லாவிட்டால் வாங்கி வருகிறவருக்குத் தெரியும். காபிக் கொட்டையில் அரபிகா, ரொபஸ்டா என்று இரண்டு வகை. அரபிகா கொட்டையின் எடையில் காஃபின் ஏறக்குறைய 1.2 சதவீதம், ரொபஸ்டாவில் 2.2 சதவீதம். சிக்கரியில் காஃபினே கிடையாது. இப்போது கணக்கு: இரண்டு பேருக்கு மாதம் அரைக் கிலோ, 80க்கு 20 சிக்கரிக் கலவை, கொட்டை பாதி அரபிகா பாதி ரொபஸ்டா என்று வையுங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 8 கிராம் பொடி, அதில் காபி மட்டும் 6.7 கிராம், அதில் காஃபின் சுமார் 113 மில்லிகிராம். பொடியில் இருப்பது முழுவதும் டிகாக்ஷனில் இறங்காது, மிஞ்சிய டிகாக்ஷனைச் சில நாள் கொட்டவும் செய்வீர்கள், ஆக இதுதான் அதிகபட்சம். 200க்குக் கீழே நன்றாகவே நிற்கிறீர்கள்.

அதே இரண்டு பேருக்கு மாதம் ஒரு கிலோ ஆகிறது என்றால் 226 வருகிறது, கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். ஒரு கிலோவும் முழுக்க ரொபஸ்டா என்றால் 290ஐத் தொடும், முழுக்க அரபிகா என்றால் 160க்குள் முடிந்துவிடும். இரண்டு பேரில் ஒருவர் அதிகம் குடிப்பவராக இருந்தால் பங்கை அதற்கேற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

இதனால்தான் பொடிக் கடையில் இரண்டு கேள்வி கேட்கச் சொல்கிறேன்: சிக்கரி எவ்வளவு, கொட்டை அரபிகாவா ரொபஸ்டாவா. பீபெரி என்று சொன்னால் அது பதில் ஆகாது. பழத்துக்குள் இரண்டு பருப்புக்குப் பதிலாக ஒற்றையாக உருண்டு விளைந்த கொட்டைதான் பீபெரி, அது இரண்டு வகையிலும் உண்டு. பாக்கெட்டில் வாங்கினால் சிக்கரி சதவீதம் அட்டையிலேயே இருக்கும், சட்டப்படி போட்டாக வேண்டும், கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையவும் கூடாது. குறைக்க வேண்டியிருந்தால் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது: இந்த மாதம் 80க்கு 20, அடுத்து 70க்கு 30, பிறகு 60க்கு 40 என்று அரைத்து வாங்குங்கள். டம்ளர் எண்ணிக்கை குறையாது, நிறமும் கெட்டித்தன்மையும் அப்படியே இருக்கும், காஃபின் மட்டும் மெல்ல இறங்கும். தலைவலியும் வராது.

சரி, இதில் மறைந்திருக்கும் செலவுகள் என்ன?

வெளியில் குடிக்கும் காபி இந்தக் கணக்குக்குள் அடங்காது. காபி ஷாப்பில் ஒரு ஷாட் எஸ்பிரெஸோவுக்கே 60 முதல் 80 மில்லிகிராம் ஆகும், பெரிய கோப்பைக்கு இரண்டு ஷாட் ஊற்றுவார்கள். அலுவலகத்தில் அதைக் குடிக்கிறவர் வீட்டில் காலையில் ஒன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். எனர்ஜி டிரிங்க் வேண்டவே வேண்டாம். 250 மில்லி டப்பா ஒன்றில் 75 மில்லிகிராம் அளவுக்குக் காஃபின், கூடவே ஏகப்பட்ட சர்க்கரை. கர்ப்பிணிகளுக்கு ஏற்றதல்ல என்று டப்பாவிலேயே போட்டிருப்பார்கள். தலைவலி மாத்திரை சிலவற்றிலும் 50 மில்லிகிராம் காஃபின் சேர்த்திருக்கிறார்கள், அட்டையின் பின்புறத்தைப் படியுங்கள்.

சர்க்கரையை யாரும் எண்ணுவதில்லை. டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் என்றால் ஏறக்குறைய 10 கிராம், மூன்று டம்ளருக்கு 30. ஒரு நாள் முழுவதற்கும் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். டென்மார்க், வட அமெரிக்க ஆய்வுகளில் காபி தப்பித்துவிட்டது, ஆனால் சர்க்கரை சேர்த்த குளிர்பானம் குடித்தவர்களுக்குக் கரு தங்கும் வாய்ப்பு குறைவாக இருந்தது. நீர்க்கட்டிப் பிரச்சினை, அதாவது பிசிஓஎஸ் இருக்கிறது என்று சொல்லப்பட்டவர்கள் காபியைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன்னால் அதில் போடும் சர்க்கரையைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்.

அப்புறம் தைராய்டு மாத்திரை. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முயற்சி தொடங்கிய முதல் வருடம் எனக்குத் தைராய்டு குறைவு என்று மாத்திரை கொடுத்தார்கள். காலையில் எழுந்து மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அதே கையோடு காபி. தைராய்டு குறைவாக இருந்தால் ரத்தத்தில் ஏறி நிற்கும் டிஎஸ்எச் அளவு 6லிருந்து இறங்கவே இல்லை. மாத்திரையின் அளவை இரண்டு முறை ஏற்றினார்கள், எப்படிப் போடுகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. எட்டு மாதம் கழித்து ரத்தம் எடுக்க வந்த நர்ஸ் அக்காதான் பேச்சுவாக்கில் கேட்டார், "காபி எத்தனை மணிக்கும்மா குடிப்பீங்க?" காபி அந்த மாத்திரையை உடம்பு முழுமையாக உறிஞ்ச விடாது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி குடிக்க வேண்டும். நான் ஒரு மணி நேரம் விட்டேன், அடுத்த பரிசோதனையில் 2.3. அந்த எட்டு மாதத்தை நினைத்தால் இன்றும் எனக்குத் தாங்கவில்லை. தைராய்டு சரியாக இல்லாவிட்டால் முட்டை வெளிவருவதே தடுமாறும், கரு கலையும் வாய்ப்பும் கூடும். காஃபினை விட இதுதான் பெரிய விஷயம்.

யாருக்கு இந்த வழி சரி: வேறு பெரிய பிரச்சினை இல்லாத, இயல்பாக முயற்சி செய்கிற, காபி இல்லாமல் காலை விடியாத எல்லோருக்கும்.

## வழி 2: டீக்கு மாறுவது

"காபியை நிறுத்திட்டேன், இப்போ டீதான்" என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் நிறையப் பேர். ஒரு கப்புக்கு ஒரு கப் பார்த்தால் டீயில் காஃபின் குறைவுதான். ஆனால் காபி இரண்டோடு நிற்கும், டீ ஐந்து ஆறு என்று போகும், கேட்டால் கணக்கே இருக்காது. ஐந்து கப் கெட்டி டீ என்றால் 150இலிருந்து 300க்கு மேல்கூடப் போகலாம். இஞ்சி ஏலக்காய் போட்டு நெடுநேரம் கொதிக்கவிட்ட டீ மேல் கோட்டின் பக்கம்தான் இருக்கும். கிரீன் டீயிலும் காஃபின் இருக்கிறது, அதை மருந்து போல நாலைந்து கப் குடிக்காதீர்கள்.

டீயின் உண்மையான செலவு இரும்புச் சத்து. 1983இல் அமெரிக்காவில் செய்த ஒரு சோதனையில், சாப்பாட்டோடு ஒரு கப் காபி குடித்தால் அந்தச் சாப்பாட்டிலிருந்து உறிஞ்சப்படும் இரும்பு 39 சதவீதம் குறைந்தது, டீ குடித்தால் 64 சதவீதம். நம் சாப்பாட்டில் இரும்பு பெரும்பாலும் கீரையிலிருந்தும் பருப்பிலிருந்தும் வருவது, டீயால் அதிகம் அடிபடுவதும் அதுதான். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கர்ப்பத்துக்குள் போகும்போதே ரத்தம் குறைவாக இருந்தால் பிறகு ஏற்றுவது பெரும்பாடு.

ஐசிஎம்ஆர் வழிகாட்டி சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் டீ, காபி வேண்டாம் என்கிறது. நான் பின்பக்கம் இரண்டு மணி நேரம் விடுவேன். இட்லியோடு டீ, மதியச் சாப்பாடு முடிந்த கையோடு டீ, இந்த இரண்டையும் நகர்த்தினாலே போதும். இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும், மாத்திரையே வீணாகிறது.

யாருக்கு இது சரி: காபியால் நெஞ்சு படபடக்கிறது, வயிறு எரிகிறது, ஆனால் சூடாக ஏதாவது வேண்டும், மூன்று கப்போடு நிறுத்த முடியும் என்கிறவர்களுக்கு. ஹீமோகுளோபின் குறைவாக இருப்பவர்கள் காபியிலிருந்து டீக்கு மாறுவதில் எனக்கு ஒரு லாபமும் தெரியவில்லை.

## வழி 3: டிகாஃப்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காஃபின் கணக்கில் இது மிகச் சுலபமான வழி, ஒரு கப்பில் 2 முதல் 15 மில்லிகிராம்தான். இன்ஸ்டன்ட் டிகாஃப் கிடைக்கிறது, பில்டர் பொடியாகவும் சிலர் விற்கிறார்கள், சாதாரணப் பொடியைவிட விலை நன்றாகவே கூடுதல். காஃபினைத் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கலாம், கார்பன் டை ஆக்சைடால் எடுக்கலாம், ரசாயனக் கரைப்பான் கொண்டும் எடுக்கலாம். கரைப்பான் மிச்சம் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு, ஆனாலும் மனசுக்கு உறுத்தினால் தண்ணீர் முறை என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

பலருக்குத் தெரியாத விஷயம், டிகாஃப் என்றாலும் அது காபிதான். இரும்பைத் தடுக்கும் பொருட்கள் அதில் அப்படியே இருக்கின்றன, தைராய்டு மாத்திரைக்கும் அதே இடைவெளி வேண்டும்.

மாலை நான்கு மணிக் காபிக்கு டிகாஃப் அருமை. காஃபினில் பாதி உடம்பைவிட்டு இறங்கவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், மாலைக் காபி இரவுத் தூக்கத்தைக் கெடுப்பது அதனால்தான். காலையில் உண்மையான காபி, மாலையில் டிகாஃப் என்று வைத்துக்கொண்டால் இரண்டு வழியின் நன்மையும் கிடைக்கும். மாலையில் அலுவலகத்திலிருந்து களைத்து வருகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

## வழி 4: அடியோடு நிறுத்துவது

சிலருக்கு இதுதான் சரி. ஐவிஎஃப், அதாவது சோதனைக் குழாய் முறைச் சிகிச்சைச் சுழற்சிக்குள் இருப்பவர்கள், அடுத்தடுத்துக் கரு கலைந்தவர்கள், டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டவர்கள் யோசிக்காமல் இதை எடுக்கலாம். இயல்பாகக் கருத்தரிப்பதற்கும் காஃபினுக்கும் தெளிவான தொடர்புக்கு ஆதாரம் இல்லை என்று சொன்ன பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பே, 2013 வழிகாட்டியில், ஐவிஎஃப் போன்ற சிகிச்சையின் வெற்றியைக் காஃபின் குறைக்கலாம் என்று எச்சரித்தது. 2012இல் டென்மார்க்கிலிருந்து வந்த கணக்கு ஒன்று, ஒரு நாளைக்கு ஐந்து கப்பும் அதற்கு மேலும் குடித்த பெண்களுக்கு ஐவிஎஃப் வெற்றி பாதியாகக் குறைந்ததாகச் சொன்னது, ஐந்துக்குக் கீழே குடித்தவர்களிடம் அந்தக் குறைவு தெரியவில்லை. ஆக அங்கேயும் ஒரு கப் எமன் இல்லை. ஆனால் நகையை அடகு வைத்து ஒரு சுழற்சிக்குப் பணம் கட்டியிருக்கும்போது "அந்த ஒரு கப்பாலதானோ" என்ற நினைப்பு வராமல் இருப்பதே பெரிய லாபம். இரண்டு மூன்று மாதத்துக்கு என்று முடிவு தெரிகிற காலம் என்றால் யாராலும் நிறுத்திவிட முடியும்.

இயல்பாக முயற்சி செய்கிறவர்கள் விஷயம் வேறு. அது ஆறு மாதமும் ஆகலாம், இரண்டு வருடமும் ஆகலாம்.

நிறுத்துவதாக இருந்தால் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். கடைசிக் காபி குடித்த 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும், இரண்டாம் நாள் உச்சத்தில் இருக்கும், ஒரு வாரம்கூட இழுக்கலாம். எரிச்சல், சோர்வு, வீட்டில் சண்டை, எல்லாம் சேர்ந்து வரும். மேலே சொன்ன சிக்கரி வழியிலோ, இரண்டாம் டிகாக்ஷனை வைத்தோ, இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாக இறக்குங்கள்.

அந்த இடத்தில் எதை வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். சுக்கு மல்லிக் காபி நல்லது, காஃபின் துளியும் கிடையாது, ஆனால் கருப்பட்டியும் சர்க்கரைதான், உடம்பு கணக்கில் பெரிய வித்தியாசம் பார்க்காது. சத்துமாவுக் கஞ்சி, இனிப்பில்லாத பால், மோர் எல்லாம் சரி. பாட்டிலில் வரும் ஜூஸும் குளிர்பானமும் காபிக்கு மாற்றாக உள்ளே வந்தால் நஷ்டம்தான். மூலிகைப் பானப் பொடி வாங்கினால் அதிமதுரம் இருக்கிறதா என்று பாருங்கள், கர்ப்பமாக இருக்கக்கூடிய காலத்தில் அதைத் தினமும் குடிப்பது நல்லதல்ல.

இதன் பெரிய செலவு மனசில்தான். எனக்குக் கரு கலைந்தபோது, முந்தின நாள் ஒரு கல்யாண வீட்டில் குடித்த இரண்டு டம்ளர் காபியை மாதக் கணக்கில் நினைத்துக்கொண்டே இருந்தேன். வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருந்ததை ஆசைப்பட்டுக் குடித்துவிட்டேனே என்று. முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதி, கருவின் குரோமோசோம் எண்ணிக்கையிலேயே பிழை இருந்ததால் கலைபவை என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். முட்டையும் விந்துவும் சேரும் நேரத்திலேயே முடிவாகிவிட்ட விஷயம் அது, எந்தக் காபியும் அதை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. அன்றைக்கு யாராவது ஒருவர் இதை எனக்குச் சொல்லியிருக்கலாம். உங்களில் யாராவது இப்போது அந்த நிலையில் இருந்தால், தயவுசெய்து இந்தப் பத்தியை இன்னொரு முறை படியுங்கள்.

## கணவருக்கும் இதே கணக்குதான்

இவ்வளவு நேரம் பெண்களைப் பார்த்தே பேசிவிட்டேன், எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள். 2016இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு, கரு உருவாவதற்கு முன்பிருந்தே தம்பதிகளைப் பின்தொடர்ந்தது. கருத்தரித்த 344 தம்பதிகளில், கருத்தரிப்பதற்கு முன்பான வாரங்களில் ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் காஃபின் பானம் குடித்த பெண்களுக்குக் கரு கலையும் அபாயம் 74 சதவீதம் கூடுதலாக இருந்தது. கணவர் அப்படிக் குடித்திருந்தால் 73 சதவீதம். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், பாருங்கள். கணவருக்கு மசக்கை கிடையாது என்பதால் நான் மேலே சொன்ன குழப்பமும் அவர் விஷயத்தில் கம்மி. ஒரே ஆய்வை வைத்து முடிவு கட்ட முடியாதுதான், ஆனால் மனைவியின் டம்ளரைப் பிடுங்கி வைத்துவிட்டு அவர் மட்டும் நாலு காபி குடிப்பதில் நியாயமில்லை என்று சொல்ல இது போதும். அதே ஆய்வில் தினமும் மல்டிவைட்டமின் எடுத்த பெண்களுக்கு அபாயம் 55 சதவீதம் குறைவாக இருந்தது. காபியைப் பற்றி நூறு பேர் சொல்வார்கள், முயற்சி தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் போடச் சொல்ல ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

விந்து உருவாகி முதிர இரண்டரை மாதத்துக்கு மேல் ஆகும், ஆகவே அவர் இன்று மாற்றுவது மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். காபியைவிட முக்கியமானது சிகரெட்டையும் குடியையும் விடுவது. அதைவிட முக்கியமானது விந்துப் பரிசோதனை. குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் ஏதோ ஒரு காரணம் இருக்கிறது. அது விலை குறைந்த, வலியில்லாத சோதனை. மனைவிக்கு நாலு ஸ்கேன் முடிந்த பிறகும் அதைத் தள்ளிப்போடும் வீடுகள் எனக்குத் தெரிந்தே இருக்கின்றன. மனைவிக்கு 35 வயதுக்குள் என்றால் ஒரு வருடம், 35ஐத் தாண்டியவர் என்றால் ஆறு மாதம், அதற்குள் தங்கவில்லை என்றால் இரண்டு பேரும் சேர்ந்து டாக்டரைப் பார்க்கப் போங்கள். காபியை நிறுத்திப் பார்க்கிறேன் என்று இன்னும் ஆறு மாதத்தைக் கழிக்காதீர்கள்.

## இரண்டு கோடு வந்த பிறகு

200க்குள் இருந்தவர்கள் அன்றைக்குப் புதிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். மாதம் ஏற ஏற உடம்பு காஃபினை வெளியேற்றுவது மெதுவாகிறது, கடைசி மூன்று மாதத்தில் பாதி இறங்கவே 15 மணி நேரம் வரை ஆகலாம், ஆகவே அதற்குள் ஒரு டம்ளராகக் குறைத்துக்கொள்வது நல்லது. பலருக்கு மசக்கையே அந்த வேலையைச் செய்துவிடும்.

சித்தப்பா மகள் போன வாரம் பேசினாள். அவர்கள் வீட்டில் மூன்று பேருக்கு மாதம் முக்கால் கிலோ, 80க்கு 20. மாமியாரையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கணக்குப் போட்டிருக்கிறாள், ஒருவருக்கு 113தான் வந்தது. காபியை விடவில்லை. ஹீமோகுளோபின் 9.8 என்பதால் டிபனோடு குடித்துவந்த காபியைக் காலை ஆறரைக்கு நகர்த்திவிட்டாள், டாக்டர் கொடுத்த இரும்பு மாத்திரையைப் பதினொரு மணிக்கு எலுமிச்சைச் சாறோடு போடுகிறாள். அவள் கணவருக்கு வருகிற சனிக்கிழமை பரிசோதனை.